மாலில் திண்ணை எங்கே? சென்னை மால்கள் பற்றி உங்கள் அனுபவம்

அம்பத்தூர்க்காரன்:

கோடை விடுமுறைக்கு அம்மா போளூரிலிருந்து வந்திருந்தார். வயது 72, இரண்டு முட்டியிலும் வலி. ஏழாம் வகுப்பு முடித்த என் மகள், 'பாட்டிக்கு எல்லா மாலையும் காட்டணும்' என்று பட்டியல் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டாள். ஒன்று பார்த்தால் போதாதா, எல்லாம் ஒரே கண்ணாடியும் ஒரே ஏசியும்தானே என்பது என் கட்சி. மூன்று வாரத்தில் நான்கு மால் போய்வந்தோம். என் கட்சி தோற்றுவிட்டது, ஆனால் நான் எதிர்பார்த்த காரணத்தால் அல்ல.

முதலில் வி.ஆர் மால். 2018இல் திறந்தது, திருமங்கலம் மெட்ரோவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எங்களுக்குப் பேருந்தே வசதி. அம்மா, மனைவி, மகள் மூவருக்கும் டிக்கெட் கிடையாது. குடும்பத்தில் காசு கொடுத்துப் போன ஒரே ஜீவன் நான்தான்.

உள்ளே போய் ஐந்தாவது நிமிடம் எஸ்கலேட்டர் குறுக்கே வந்தது. அம்மா ஒரு கையில் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைக் கைப்பிடிமேல் வைப்பார், அது ஓடும், எடுத்துவிடுவார். காலை நீட்டுவார், தரை மாதிரி இருந்தது படியாகப் பிளந்து எழும், இழுத்துக்கொள்வார். பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். வாசலில் பை சோதிக்கும் சீருடைப் பெண் ஓடிவந்து, "வாங்க பாட்டி, என் கையைப் புடிங்க, கீழ பாக்காதீங்க" என்று ஏற்றிவிட்டாள். மேலே போய்ச் சேர்ந்ததும் அம்மா திரும்பி அந்தப் பெண்ணுக்கு ஒரு கும்பிடு போட்டார். அதற்கப்புறம் லிஃப்ட்தான். லிஃப்டுக்கு முன்னால் தள்ளுவண்டியில் குழந்தைகள், சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர், கூடவே ஒரு மாடி ஏறச் சோம்பல்பட்ட கல்லூரிப் பையன்கள் ஏழெட்டுப் பேர்.

இரண்டாவது மாடியில் அம்மா நின்றுவிட்டார். "எங்கனா குந்தலாம்னா ஒரு திண்ணைகூட இல்லியேடா?"

அந்த ஒரு கேள்வி என் கண்ணைக் கெடுத்துவிட்டது. அன்றிலிருந்து எந்த மாலுக்குப் போனாலும் கடைகள் தெரிவதில்லை, உட்காரும் இடம் எங்கே என்பதுதான் தெரிகிறது. யோசித்தால் காரணம் எளிது. கடைக்கு வாடகை சதுர அடிக் கணக்கு. நடைபாதையில் ஒரு பெஞ்சு போட்டால் அது வாடகை தராது. அதே இடத்தில் கைப்பேசி உறை விற்கும் ஒரு சின்னக் கடை போட்டால் தரும். சாப்பாட்டுக் கடைகளையும் தியேட்டரையும் உச்சி மாடியில் வைப்பதும் இப்படித்தான். மேலே ஏறினவன் இறங்கி வரும் வழியில் நாலு கடையாவது கண்ணில் படும். பேர்பெற்ற பெரிய கடைகளை ஆளுக்கொரு கோடியில் வைத்தால் நடுவில் நடந்துதானே ஆகவேண்டும்? முட்டி வலி உள்ளவரை வைத்து யாரும் கணக்குப் போடுவதில்லை.

அடுத்தது எக்ஸ்பிரஸ் அவென்யூ. திருமங்கலத்தில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறி அரசினர் தோட்டத்தில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ. மெட்ரோவில் ஒரு பையன் எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தான். அன்றைய பயணத்தில் மிகச் சொகுசான இருக்கை அதுதான் என்று அம்மா இரவுவரை சொல்லிக்கொண்டிருந்தார். 2010இல் இந்த மால் வருவதற்கு முன் அந்த வளாகம் இந்தியன் எக்ஸ்பிரஸ் பத்திரிகையினுடையது. "இங்கதான்மா பேப்பர் அச்சடிச்சாங்க" என்றேன். "அப்ப பேப்பர் படிக்கவாவது ரெண்டு நாற்காலி போட்டிருப்பான்" என்றார். மகள் எஸ்கேப் தியேட்டரில் எட்டுத் திரை இருப்பதைப் பற்றி விளக்கப்போனாள். பாட்டி காதில் விழவில்லை.

வேளச்சேரி ஃபீனிக்ஸ் அம்மாவுக்குப் பிடித்தது. நடுவில் வானம் தெரிகிற முற்றம் இருக்கிறதே, அதனால். ஆறு மணிக்கு மேல் வெயில் இறங்கிய பிறகு ஓரமாக உட்கார்ந்தோம். யாரோ ஒரு குழந்தை விட்ட சோப்பு நுரைக் குமிழிகள் எங்கள் தலைக்கு மேல் போயின. பக்கத்தில் பலாடியம் பகுதி, பெரிய வெளிநாட்டுப் பெயர்கள். கண்ணாடிக்குள் ஒரே ஒரு கைப்பை, அதற்கு மேல் மூன்று விளக்கு. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கடையில சரக்கே இல்லியே, பாவம்" என்றார்.

நான்காவது மாலின் பெயர் வேண்டாம். அங்கே சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும்தான் நாற்காலி. சாப்பிட, முன்பணம் கட்டி ஒரு அட்டை வாங்கவேண்டும். 500 போட்டோம், 440க்குச் சாப்பிட்டோம், மீதி 60 ரூபாய் இன்னும் என் பர்சில் அட்டையாகவே இருக்கிறது. கிளம்பும்போது பார்க்கிங் சீட்டைக் காணவில்லை. நண்பனின் கார் வேறு. அபராதம் கட்டி வெளியே வந்தபின், அம்மா தன் சுருக்குப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து, "இத பத்திரமா வெச்சிருக்கேன், வேணுமா?" என்றார்.

உங்களுக்கு எந்த மால் எப்படி? வயதானவர்களோடு போனவர்கள் எழுதுங்கள்.

---

ஸ்பென்சர் ரசிகன்:

நீங்கள் சொல்கிற மால்களெல்லாம் எங்களுக்குப் பேரப்பிள்ளைகள். எங்கள் காலத்தில் 'மால்' என்ற சொல்லே கிடையாது, ஸ்பென்சர்தான். 1860களிலேயே தொடங்கிய கம்பெனி. மவுண்ட் ரோட்டில் இருந்த அந்தப் பழைய செங்கல் கட்டடம் 1983இல் தீப்பிடித்துப் போனது. தொண்ணூறுகளில் அதே இடத்தில் இப்போதைய பிளாசா எழுந்தது, ஒவ்வொரு கட்டமாக. அதனால்தான் ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குப் போகும்போது வழி தவறும். நான் ஒருமுறை என் மனைவியைத் தேடி நாற்பது நிமிடம் சுற்றினேன். கைப்பேசி இல்லாத காலம். கடைசியில் ஒரு காஷ்மீர் சால்வைக் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஸ்பென்சரில் நடைபாதையில் பெஞ்சு இருந்ததாக எனக்கும் நினைவில்லை. ஆனால் கடைக்காரர் உட்காரவைப்பார். ஏனென்றால் பேரம் பேச நேரம் பிடிக்கும். 1,800 என்பார், நாம் 600 என்போம், டீ வரும், 950க்கு முடியும். இப்போதைய மாலில் விலை சட்டைக் கழுத்தில் தொங்குகிறது. உட்கார்ந்து பேச என்ன இருக்கிறது?

இப்போது ஸ்பென்சருக்குள் போனால் பல ஷட்டர்கள் மூடிக் கிடக்கின்றன. நடக்க மட்டும் தாராளமாக இடம் இருக்கிறது.

---

நின்றே வளர்ந்தவள்:

வாடிக்கையாளர் உட்கார இடமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எதிர்ப்பக்கம் நின்றவள் நான்.

தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் நான்கு வருடம், அப்புறம் ஒரு மாலில் காலணிக் கடையில் மூன்று வருடம். ஜவுளிக் கடையில் காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு ஒன்பதரை. மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி. கூட்டமே இல்லாத செவ்வாய்க்கிழமை மதியத்தில்கூடச் சாயக்கூடாது, மேலே கேமரா. ராத்திரி ஹாஸ்டலில் படுத்தால் குதிகால் துடிக்கும். என்னோடு வேலை பார்த்த அக்காவுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகத் தெரியும். அதை மறைக்கவே புடவையைத் தரைபடக் கட்டுவார்.

2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்தார்கள். ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ளலாம் என்று. கேரளத்தில் 2018லேயே வந்துவிட்டது. அந்தச் சேதி வந்த அன்று எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரே இதயப் படமாக விழுந்தது.

எங்கள் கடைக்கும் ஸ்டூல் வந்தது. மூன்று. முதல் வாரம் மாறி மாறி உட்கார்ந்தோம். இரண்டாவது வாரம் புதுச் சரக்கு வந்தபோது வைக்க இடமில்லாமல் ஒரு ஸ்டூலின் மேல் பெட்டிகளை அடுக்கினார்கள். அப்புறம் இன்னொன்று. மூன்றாவது ஸ்டூல் கடைசிவரை காலியாகவே இருந்தது, ஆனால் அது மேலாளரின் மேசைக்குப் பக்கத்தில் இருந்தது. யார் போய் உட்காருவது?

காலணிக் கடையில் ஒரு வசதி உண்டு. செருப்பு மாட்டிவிடும்போது மண்டியிடலாம். அந்த இரண்டு நிமிடம் பாதத்துக்கு ஓய்வு. வேண்டுமென்றே மெதுவாக பக்கிள் போடுவேன். உங்கள் அம்மா மாதிரி யாராவது வந்தால் முதலில் அவரை உட்காரவைத்துவிட்டுத்தான் அளவு கேட்பேன். செருப்பு வாங்காவிட்டாலும் பரவாயில்லை. காலணிக் கடையில் இருக்கை இல்லாமல் முடியாது, அதனால் முட்டி வலிக்காரர்களுக்கு என் யோசனை: எந்த மாலுக்குப் போனாலும் நேராகச் செருப்புக் கடைக்குப் போங்கள்.

---

வடபழனி 26:

நெக்ஸஸ் விஜயா என்று பலகை மாற்றினாலும் எங்களுக்கு அது ஃபோரம் மால்தான். என் அப்பாவுக்கு அதுவும் இல்லை, வாகினி ஸ்டூடியோதான். ஆட்டோவில் ஏறி "விஜயா வாகினி போப்பா" என்பார். புது ஓட்டுநர்கள் விழிப்பார்கள். பலாஸோவில் படம் பார்க்க அவரைக் கூட்டிப்போனபோது, "இந்த இடத்தில் செட்டு போட்டுப் படம் எடுத்தார்கள், இப்போது திரை போட்டுக் காட்டுகிறார்கள், சரிதான்" என்றார். தியேட்டர் இருக்கை வசதியாக இருந்ததால் இடைவேளைக்கு முன்பே தூங்கிவிட்டார். டிக்கெட் காசுக்கு நல்ல தூக்கம்.

---

மீனம்பாக்கம் பக்கம்:

சின்னச் சேதி. விமான நிலைய பார்க்கிங் கட்டடத்தோடு சேர்ந்த ஏரோஹப்பில் 2023இலிருந்து ஐந்து திரைத் தியேட்டர் ஓடுகிறது. துபாயிலிருந்து தம்பி வரவேண்டிய விமானம் இரண்டரை மணி நேரம் தாமதம் என்றதும் நானும் அண்ணியும் படத்துக்குப் போனோம். உச்சகட்டக் காட்சியில் தம்பி அழைத்துவிட்டான். எப்படி முடிந்தது என்று இன்றுவரை தெரியாது. யாரும் சொல்லாதீர்கள், ஓடிடியில் பார்த்துக்கொள்கிறேன்.

---

பனகல் பூங்கா:

உட்கார இடம் வேண்டுமென்றால் மால்களை விட்டு வெளியே வாருங்கள். தி.நகர் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறந்தார்கள். அகலமான நடைபாதை, மர நிழல், இடைவெளி விட்டு இருக்கைகள், குழந்தைகள் விளையாட ஒன்றிரண்டு சாதனங்கள். எதுவும் வாங்கவேண்டாம், யாரும் எழுப்பமாட்டார்கள். பைக்கை ஏற்றி ஓட்டுகிற மகான்கள் உண்டு, அவர்களைப் பார்த்து நடக்கவேண்டும். ஏசி கிடையாது, மே மாத மதியத்தில் போனால் என்னைத் திட்டாதீர்கள்.

நடைபாதையில் கடை போட்டிருந்த சிறு வியாபாரிகளை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பக்கத்து வளாகக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பழைய பாண்டி பஜாரை அறிந்தவர்களுக்கு அந்தக் கம்மல், வளையல், ரப்பர் பேண்டு வரிசை இல்லாதது வெறிச்சென்று இருக்கும். எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. இருக்கையும் வேண்டும், அந்தக் கடைகளும் வேண்டும் என்றால் பேராசையா?

---

அம்பத்தூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. 'நின்றே வளர்ந்தவள்' எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். நாங்கள் இத்தனை கடை ஏறி இறங்கியும், கடைப் பெண்கள் யாராவது உட்கார்ந்திருந்தார்களா என்று இருவருக்கும் நினைவில்லை. பார்க்கவே இல்லை என்பதுதான் உண்மை.

போன ஞாயிறு பாண்டி பஜார் போனோம். அம்பத்தூரிலிருந்து ரயில், பார்க் ஸ்டேஷனில் மாறி மாம்பலம். அங்கே 2023இல் திறந்த ஆகாய நடைபாதை, தி.நகர் பேருந்து நிலையம்வரை 570 மீட்டர். ரங்கநாதன் தெருக் கூட்டம் காலுக்குக் கீழே நகர்வதை அம்மா தடுப்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அதுக்குள்ள நான் போவமாட்டேன்" என்று அறிவித்துவிட்டு நடந்தார். இறங்க லிஃப்ட் இருந்தது.

பாண்டி பஜாரில் ஒரு மரத்தடி இருக்கையில் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். மகளும் மனைவியும் கடை பார்க்கப் போனார்கள். திரும்பி வந்தபோது அம்மா பக்கத்தில் ஆரணியிலிருந்து வந்த இன்னொரு பாட்டி. இரண்டு ஊருக்கும் பொதுவான சொந்தக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்து, அவர் வீட்டுப் பாகப்பிரிவினை வரை பேச்சு போயிருந்தது. கிளம்பலாம் என்று மூன்று முறை கூப்பிட்டேன்.

ஊருக்குப் போய்விட்டார். தீபாவளிக்கு வருகிறேன் என்றிருக்கிறார். மகளின் பட்டியலில் ஓ.எம்.ஆர் மரினா மால் மட்டும் பாக்கி. யாராவது போயிருந்தால் அங்கே உட்கார இடம் எப்படி என்று எழுதுங்கள். செருப்புக் கடை எந்த மாடி என்பதையும்.