மறு: ‘அசர்ஷன்’ – சரிபார்ப்பா, அறுதியீடா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சி மொழியில் அலகுச் சோதனை (நிரலின் சிறு பகுதிகளைத் தனித்தனியே சோதிப்பது) எழுதுவதற்கான கையேட்டின் மூன்றாம் பகுதி இந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்துக்கிடக்கிறது. அசர்ஷன் என்றால், ‘நிரலின் இந்த இடத்தில் இது மெய்யாகவே இருக்கும்’ என்று நிரலர் எழுதிவைப்பது; சி மொழியில் அதை எழுதும் கட்டளை அசர்ட். நிரல், மாறி, மாறிலி, வழு, அலகுச் சோதனை ஆகியவற்றில் நமக்குள் சண்டை இல்லை. ‘சுட்டி’ கைக்கருவியையும் குறிக்கிறது, நினைவக முகவரியையும் குறிக்கிறது. அந்தப் பஞ்சாயத்தை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம். அசர்ஷன் பற்றி இழையில் வந்த மடல்கள் அனைத்தையும் படித்துவிட்டு ஒரே மடலாகப் பதில் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘வலியுறுத்தல்’ என்று அகராதியிலேயே இருக்கிறதே. புதுச்சொல் எதற்கு?

இருக்கிறதுதான். ஆனால் நாளிதழில் அந்தச் சொல் என்ன வேலை பார்க்கிறது என்று பாருங்கள்: ‘நிவாரணம் வழங்க விவசாயிகள் வலியுறுத்தல்.’ வலியுறுத்துகிறவர் இன்னொருவர் முன்னால் நிற்கிறார். அந்த இன்னொருவர் செய்தாலும் செய்வார், செய்யாமலும் போவார். சி மொழியின் அசர்ட் யாரிடமும் மனுக் கொடுப்பதில்லை. சொன்னது பொய் என்று தெரிந்ததும் நிரலையே நிறுத்திவிடுகிறது. ‘உறுதிமொழி’ பதவியேற்பு விழாவுக்கு உரியது. ‘உறுதிப்படுத்தல்’ முன்பதிவுப் பக்கங்களின் பொத்தான்களில் ஏற்கெனவே குடியேறிவிட்டது. அங்கிருந்து அதைக் கிளப்ப வேண்டியதில்லை.

> பள்ளித் தேர்வில் ‘கூற்று, காரணம்’ என்று கேட்கிறார்களே, அந்தக் கூற்று இதுதானே?

இழையில் வந்தவற்றிலேயே வலுவான வாதம் இது. தமிழ்நாட்டில் பொதுத்தேர்வோ போட்டித் தேர்வோ எழுதிய எவருக்கும் ‘கூற்று சரி, காரணம் தவறு’ என்பது மனப்பாடம். மெய்யாகவோ பொய்யாகவோ இருக்கக்கூடிய ஒன்றை முன்வைப்பது என்ற பொருளும் அதில் கச்சிதமாக இருக்கிறது. தடை ஒன்றே ஒன்றுதான்: நிரல்மொழிப் பாடங்களில் ‘இஃப் கூற்று’, ‘சுவிட்ச் கூற்று’ என்று அந்தச் சொல் நிரலின் ஒரு கட்டளை என்ற வேறொரு பொருளில் ஊன்றிவிட்டது. அசர்ட்டைக் கூற்று என்றால், அசர்ட் வரும் வரியைக் ‘கூற்றுக் கூற்று’ என்று எழுத நேரிடும்.

‘மேற்கோள்’ என்று முன்மொழிந்தவருக்குத் தனி வணக்கம். சிவஞானபோதத்தில் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று வரும் முறையில் முதலில் நிற்பது நாம் தேடும் பொருளேதான்: நிறுவப்பட வேண்டியதை முன்னால் எடுத்துவைப்பது. நம் தருக்க மரபில் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. ஆனால் இன்றைக்கு மேற்கோள் என்றால் பிறர் சொன்னதை எடுத்தாள்வது. சரத்தை (எழுத்துத் தொடரை)ச் சுற்றி மேற்கோள்குறி போடு என்று அதே கையேட்டின் முதல் பகுதியில் நாமே எழுதியிருக்கிறோம். மணிமேகலையின் ‘பக்கம்’ இன்று காகிதத்தின் பக்கமாகிவிட்டது, அதையும் மீட்பதற்கில்லை.

> எளிமையாகச் ‘சரிபார்ப்பு’ போதும். மாணவர்களுக்கு உடனே புரியும்.

இந்தச் சொல்லுக்குத்தான் ஆதரவு அதிகம், என் மறுப்பும் இதற்குத்தான் அதிகம். புரியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தவறாகப் புரியும் என்பதுதான் கவலை.

சரிபார்த்தல் என்றால் வெளியிலிருந்து வருவதைச் சோதிப்பது: பயனர் கொடுத்த வயது எண்தானா, கேட்ட கோப்பு திறந்ததா, வலையிலிருந்து வந்த தரவு முழுமையா. இவையெல்லாம் தவறாகப் போகலாம், போவது இயல்பு. அப்போது என்ன செய்வது என்பதை நிரலிலேயே எழுதிவைக்க வேண்டும். அசர்ட் அந்த வகையே அல்ல. ‘இந்த இடத்துக்கு வரும்போது இந்தச் சுட்டி வெறுமையாக இருக்க வாய்ப்பே இல்லை, இருந்தால் என் நிரலில் வழு இருக்கிறது’ என்று எழுதியவர் அடித்துச் சொல்வது. பயனர் செய்த பிழைக்கும் நிரலர் செய்த பிழைக்கும் நடுவில் கிடக்கும் கோடு இது. சரிபார்ப்பு என்ற பெயர் அதை அழித்துவிடும்.

அழிந்தால் என்ன ஆகும்? ‘அசர்ட் என்றால் சரிபார்ப்பு’ என்று படித்த மாணவர், எஃப்ஓப்பன் போட்டுக் கோப்பைத் திறந்ததும் அடுத்த வரியில் அசர்ட்(கோப்பு != நல்) என்று எழுதுவார் (நல் என்பது வெறுமைச் சுட்டி). சரிபார்த்தாயிற்று, மனநிறைவு. அவர் கணினியில் கோப்பு இருக்கிறது, நிரலும் ஓடுகிறது. பிறகு வெளியீட்டுக்காக என்டிபக் என்ற மேக்ரோவை (தொகுக்கும் முன் நிரல் உரையில் மாற்றீடு செய்யும் பெயரை) வரையறுத்துத் தொகுப்பார்கள், அதாவது கம்பைலரில் இடுவார்கள். அசர்ட்.எச் தலைப்புக் கோப்பு அதைக் கண்டதும் ஒவ்வோர் அசர்ட்டையும் ஒன்றும் செய்யாத வெற்றுக் கோவையாக (எக்ஸ்பிரஷன்) மாற்றிவிடும். சி மொழியின் தரநிலையே அப்படித்தான் சொல்கிறது. கோப்பு இல்லாத கணினியில் வெறுமைச் சுட்டியோடு நிரல் மேலே போகும். அதன் பிறகு எங்கே விழும் என்பதற்கு எந்தப் பொறுப்பும் இல்லை. வரிசையிலிருந்து ஓர் எண்ணை எடுக்கும் செயற்கூறு (ஃபங்ஷன்) அழைப்பை அசர்ட்டுக்குள் எழுதிவைத்தவர் கதி இன்னும் மோசம். எடுக்கும் வேலையே நடக்காது.

அலகுச் சோதனைகளில் இதே சிக்கல் தலைகீழாக வரும். நிரலைத் தொகுக்க உதவும் சிமேக் கருவியில் ‘ரிலீஸ்’ வகையைத் தேர்ந்தால், ஜிசிசி, கிளாங் ஆகிய இரண்டு கம்பைலர்களுக்கும் அது தானாகவே என்டிபக்கைச் சேர்த்துவிடுகிறது. வெறும் அசர்ட்டை வைத்து எழுதிய சோதனைக் கோப்பு அந்த வகையில் தொகுக்கப்பட்டால் எல்லாச் சோதனைகளும் தேறிவிடும். ஒன்றைக்கூடச் சோதிக்காமல் தேறும். இதைக் கையேட்டில் பெட்டி கட்டிப் போட வேண்டும் என்று ஏற்கெனவே கேட்டிருந்தேன், இப்போதும் கேட்கிறேன்.

வரலாற்றையும் ஒரு வரி பார்த்துவிடலாம். 1947இல் கணினி முன்னோடிகளான கோல்ட்ஸ்டைனும் ஃபான் நாய்மனும் தங்கள் பாய்வுப் படங்களில் அசர்ஷனுக்கென்றே தனிப் பெட்டி வரைந்தார்கள். 1949 ஜூனில் கேம்பிரிட்ஜில் நடந்த மாநாட்டில் ஆலன் டியூரிங், பெரிய நிரல் சரியா என்று பார்ப்பது எப்படி என்று பேசினார். எழுதியவர் திட்டவட்டமான சில அசர்ஷன்களை முன்வைக்க வேண்டும், அவற்றைத் தனித்தனியே சரிபார்க்கலாம், முழு நிரலின் சரித்தன்மை அவற்றிலிருந்து எளிதில் பெறப்படும் என்பது அவர் வாதம். முன்வைப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர். இரண்டும் வெவ்வேறு வினைகள் என்பது அந்த உரையிலேயே இருக்கிறது. நாம் ஏன் இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்ட வேண்டும்?

என் முன்மொழிவு: அறுதியீடு. வினை: அறுதியிடு.

‘அறுதியிட்டுச் சொல்ல முடியாது’ என்று நாம் அன்றாடம் எழுதுகிறோம். அதே தொடரின் உடன்பாட்டு வடிவம்தான் அசர்ட். சொல்லமைப்பும் பழகியதே: மதிப்பிடு, மதிப்பீடு, குறியிடு, குறியீடு, வெளியிடு, வெளியீடு. ஏவல் வடிவம் நிரல் வரியில் அப்படியே உட்கார்ந்துகொள்ளும்.

இதைவிட எனக்குப் பிடித்தது இதனோடு சேரும் வினைச்சொல். பருவமழை பொய்த்தது, கணிப்பு பொய்த்தது என்கிறோம். அறுதியீடும் பொய்க்கும். அறுதியீடு பொய்த்தால் சோதனை தோற்கும். வெறும் அசர்ட்டாக இருந்தால் நிரல் நின்றுவிடும். மூன்றும் வேறு வேறு நிகழ்வுகள், பிழைச்செய்தியைப் படிக்கத் தெரியாத மாணவர் குழம்புவதும் இந்த மூன்றுக்கும் இடையில்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. நான்கால் வகுபடும் ஆண்டெல்லாம் லீப் ஆண்டு என்று நினைத்து ஒருவர் மாத நாட்களைத் தரும் செயற்கூறு எழுதியிருக்கிறார். 1900 நூற்றாண்டு ஆண்டு, 400ஆல் வகுபடாது, ஆகவே லீப் ஆண்டு அல்ல. சோதனை இப்படி:

அறுதியிடு(மாத_நாட்கள்(2, 2024) == 29);
அறுதியிடு(மாத_நாட்கள்(2, 1900) == 28);
அறுதியிடு(மாத_நாட்கள்(2, 2000) == 29);

திரையில் வருவது:

நாட்காட்டி_சோதனை.சி:14: மெயின்: அறுதியீடு ‘மாத_நாட்கள்(2, 1900) == 28’ பொய்த்தது.

கோப்பின் பெயர், வரி எண், செயற்கூறின் பெயர், பொய்த்த கோவை என எல்லாம் ஒரே வரியில். செயற்கூறின் பெயர் சி99 தரநிலையில் சேர்ந்தது. அடுத்து நிரலை உடனே நிறுத்தும் அபார்ட் அழைக்கப்படும். லினக்ஸில் அது 6ஆம் எண் சமிக்ஞை, ஷெல் அதனோடு 128ஐக் கூட்டிச் சொல்வதால் வெளியேற்ற எண்ணைக் கேட்டால் 134 என்று வரும். 2000க்கான வரி ஓடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். 28 இல்லை என்று தெரிகிறது. என்ன வந்தது என்று தெரியவில்லை. இந்த இரண்டு குறைகளைத் தீர்க்கத்தான் சோதனைச் சட்டகங்கள் (டெஸ்ட் ஃபிரேம்வொர்க்) வந்தன. யூனிட்டி சட்டகத்தில் எதிர்பார்த்த மதிப்பை முதலிலும் கிடைத்ததை அடுத்தும் கொடுத்தால் ‘எதிர்பார்த்தது 28, கிடைத்தது 29’ என்ற பொருளில் அச்சிடும். செக் சட்டகம் ஒவ்வொரு சோதனையையும் தனிச் செயல்முறையாகப் பிரித்து ஓட்டுவதால், ஒன்று விழுந்தாலும் மற்றவை பாதிக்கப்படுவதில்லை.

> எக்ஸ்பெக்ட் என்றும் இருக்கிறதே, அதற்கு என்ன?

‘எதிர்பார்ப்பு’ என்றே வைக்கலாம், சண்டையே வேண்டாம். லினக்ஸ் கருநிரலில் (கெர்னல்) 5.5ஆம் பதிப்பில் சேர்ந்த கேயூனிட்டிலும், கிரைட்டீரியன் சட்டகத்திலும் இரண்டும் உண்டு. எதிர்பார்ப்பு பொய்த்தால் சோதனை தோற்றதாகக் குறித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போகும். அறுதியீடு பொய்த்தால் அந்தச் சோதனை அங்கேயே முடியும். சியூனிட் மட்டும் இந்த வழக்கத்துக்குள் வராது. அதில் அசர்ட் என்று எழுதினாலும் தொடரும். நிற்க வேண்டுமானால் ‘ஃபேட்டல்’ என்று வாலாகச் சேர்க்க வேண்டும். அங்கே ‘நிறுத்தும் அறுதியீடு’ என்று விளக்கமாக எழுதிவிடலாம்.

சி11இல் வந்த ஸ்டாட்டிக் அசர்ட்டை ‘நிலையான அறுதியீடு’ என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம். அப்படியானால் மற்றவை ஆட்டம் காண்பவையா? கம்பைலர் ஓடும்போதே பார்த்துவிடுவது அது. பொய்த்தால் நிரல் தொகுக்கப்படவே மாட்டாது. ‘தொகுப்புநேர அறுதியீடு’ என்றால் நீளம் கூடினாலும் பொருள் தப்பாது.

> எங்கள் பக்கத்தில் அறுதி என்றால் முடிவு, இறுதி. ‘அறுதிப் பெரும்பான்மை’யும் இருக்கிறது. குழப்பம் வராதா?

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கேள்வி, நியாயமானது. ‘அறுதி’ தனியாக நின்றால் குழப்பம் வரலாம். ஆனால் நாம் எடுப்பது ‘அறுதியிடு’ என்ற கூட்டுவினை. அதற்கு வரையறுத்துச் சொல்வது என்ற பொருள் இரு நாட்டு எழுத்திலும் உண்டு. உங்கள் பாடநூல்களில் நிரலைச் செய்நிரல் என்கிறீர்கள், நாங்கள் நிரல் என்கிறோம்; ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கச் சிரமப்பட்டதில்லை. ‘துணிபு’ என்ற உங்கள் மாற்று முன்மொழிவு உண்மையில் அழகானது. உரையாசிரியர்கள் ‘என்பது துணிபு’ என்று முடிக்கும்போது வருவது இதே தொனிதான். வினையாக்கப் போனால்தான் இடறுகிறது: ‘துணி’ என்று நிரலில் எழுதினால் ஜவுளிக்கடை நினைவு வரும்.

கடைசியாக நடைமுறை. ஜிசிசி 10ஆம் பதிப்பிலிருந்து தமிழ் எழுத்துகளை நேரடியாகவே பெயர்களில் எழுதலாம், ஆகவே மேலே கொடுத்த மூன்று வரிகள் அலங்காரத்துக்கு எழுதியவை அல்ல. ‘அறுதியிடு’ என்ற மேக்ரோவை அசர்ட்டுக்கு வெறும் மாற்றுப்பெயராக வைக்காமல், தானே செய்தியை அச்சிட்டு அபார்ட்டை அழைப்பதாக எழுதினால் இரண்டு நன்மைகள்: செய்தி தமிழில் வரும், என்டிபக் இருந்தாலும் சோதனை மறையாது. அந்தத் தலைப்புக் கோப்பை எழுதிக் கையேட்டின் களஞ்சியத்தில் தனிக் கிளையாக ஏற்றிவிடுகிறேன். செய்தி வரியில் கோவையை ஒற்றை மேற்கோளுக்குள் இட்டிருக்கிறேன். கோவைக்குள்ளேயே எழுத்து மாறிலி (ஒற்றை மேற்கோளுக்குள் எழுதும் ஓர் எழுத்து) வந்தால் குறிகள் மோதும். அதற்கு மாற்றாக என்ன போடலாம் என்பதை மட்டும் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள்.