-2147024891 என்று பிழை வருகிறது: வன்தட்டு போய்விட்டதா?

கேள்வி:
வணக்கம். விண்டோஸ் 10 கணினியில் இரவுதோறும் தானாக ஓடிக் கோப்புகளை நகலெடுக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். மூன்று நாள்களாகப் பாதியில் நின்றுவிடுகிறது. பதிவுக் கோப்பில் இருப்பது ஒரே வரி: "தோல்வி: -2147024891". எந்தக் கோப்பு, எந்த இடம் என்று ஒன்றும் இல்லை. (அந்த வரியை எழுதியவன் நானேதான், திட்டுவதற்கு வேறு ஆள் இல்லை.) நானே இயக்கினால் ஒழுங்காக ஓடுகிறது. தேடிப் பார்த்ததில் இது பிழை எண் 5 என்றும், 5 என்றால் உள்ளீடு-வெளியீட்டுப் பிழை என்றும் படித்தேன். வன்தட்டு சாகப்போகிறதா?

பதில் 1:
அப்படியென்றால் தட்டுதான். புதியது வாங்கிவிடுங்கள்.

பதில் 2:
வாங்காதீர்கள்! நீங்கள் படித்தது லினக்ஸ் பட்டியல். அங்கே 5 என்றால் உள்ளீடு-வெளியீட்டுப் பிழை. அனுமதி மறுப்புக்கு 13. விண்டோஸில் 5 என்பதே அனுமதி மறுப்பு. இரண்டிலும் 2 என்றால் கோப்பு இல்லை என்று பொருள். அதனால்தான் எல்லா எண்களும் ஒன்றே என்று பலர் நம்பிவிடுகிறார்கள்.

கால்குலேட்டரைப் புரோகிராமர் முறைக்கு மாற்றி, 32 பிட் அளவைத் தேர்ந்தெடுத்து உங்கள் எண்ணை இடுங்கள். ஹெக்ஸில் (பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில்) 80070005 என்று வரும். இதையே 0, 1 என 32 பிட்களாக எழுதினால், இடது ஓரத்தில் வரும் மேல் பிட் 1 என்றால் தோல்வி. எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்ததும் அதனால்தான். நடுவில் உள்ள 7, பிழை வின்32 பிரிவை, அதாவது விண்டோஸின் வழக்கமான பிழைப் பட்டியலைச் சேர்ந்தது என்கிறது. கடைசி நான்கு இலக்கங்களே உண்மையான பிழை எண்.

நீங்கள் இயக்கும்போது ஓடுகிறது, இரவில் ஓடவில்லை. அந்தப் பணி எந்தப் பயனர் கணக்கில் ஓடுகிறது?

கேட்டவர்:
சரியாகப் பிடித்தீர்கள். மூன்று நாள்களுக்கு முன் அதை வேறு கணக்குக்கு மாற்றினேன். அந்தக் கணக்குக்குச் சேமிப்புக் கோப்புறையில் எழுதும் உரிமை இல்லை. கொடுத்ததும் ஓடிவிட்டது.

பதில் 2:
பதிவு வரியையும் திருத்துங்கள். மூலக் கோப்பின் பெயர், முக்காற்புள்ளி, வரி எண், முக்காற்புள்ளி, செய்தி என்பது குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் நிரலாக்க நெறிமுறை சொல்லும் வடிவம். பல உரைத்தொகுப்பிகள் அதைப் படித்து நேரே அந்த வரிக்கே கொண்டுபோய்விடும். எண்ணை ஹெக்ஸில் எழுதுங்கள். எந்தக் கோப்பைத் தொட்டபோது தவறியது என்பதையும் சேருங்கள்.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன். நேற்றிரவு ஒரே ஒரு கோப்பில் மட்டும் 80070020. ஹெக்ஸில் 20 என்றால் 32. வேறொரு நிரல் அந்தக் கோப்பைப் பிடித்து வைத்திருக்கிறது. விரிதாளை மூடாமல் தூங்கப் போனதும் நான்தான்.