ஓவர்ரியாக்‌ஷனுக்கு ‘மிகைவினை’ சரிவராது. ‘முந்துதீர்ப்பு’ என்று வைக்கலாமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) சொற்பட்டியலில் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்), டச்டவுன் (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது) முதலியவற்றை அப்படியே விட்டுவிடலாம் என்று முடிவானது நல்லதுதான். அவை ஆட்டத்தின் சொற்கள். ஓவர்ரியாக்‌ஷன் அப்படியில்லை, அது பார்ப்பவர்களின் சொல். செப்டம்பரில் முதல் வார ஆட்டங்கள் முடிந்த மறுநாளே ‘கோப்பை இவர்களுக்குத்தான்’, ‘அந்தக் கோச்சை வீட்டுக்கு அனுப்புங்கள்’ என்று ஆளாளுக்குப் பேசுகிறார்களே, அதற்கு வைத்த பெயர். இதற்காவது தமிழில் ஒரு சொல் வேண்டும்.

பட்டியலில் ‘மிகைவினை’ என்று போட்டிருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடித்துப்போவதற்கு அந்தச் சொல் பொருந்தும். ரசிகர் விஷயத்தில் கோளாறு அளவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது.

2023 முதல் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டாலஸ் கவ்பாய்ஸும் நியூயார்க் ஜயன்ட்ஸும் மோதினார்கள். நல்ல மழை. ஜயன்ட்ஸ் முதல் முறை பந்தோடு ஒழுங்காகத்தான் முன்னேறினார்கள், ஃபீல்டு கோலுக்கும் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பது) உதைத்தார்கள். அந்த உதையை டாலஸ்காரர் ஒருவர் தடுக்க, இன்னொருவர் பந்தை எடுத்துக்கொண்டு மறுகோடிக்கே ஓடி டச்டவுன் ஆக்கிவிட்டார். அப்புறம் ஜயன்ட்ஸ் எழுந்திருக்கவே இல்லை. 40-0. சரி, இப்படி ஜெயித்தால் டாலஸ் ரசிகர் துள்ளிக் குதிப்பது மிகையா? அந்த ஆட்டத்துக்கு அந்தத் துள்ளல் தகும். ‘இந்த வருஷம் நம்ம வருஷம்’ என்று அன்றைக்கே சொன்னார்களே, அங்கேதான் பிரச்சினை. (1995 சீசனுக்குப் பிறகு சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டத்தையே எட்டிப் பார்க்காத அணி, பாவம், வருஷாவருஷம் செப்டம்பரில் இதைச் சொல்லாமல் அவர்களால் இருக்க முடியாது.) மூன்றாம் வாரம் அரிசோனாவிடம் 28-16 என்று தோற்றார்கள். இருந்தும் சீசன் 12-5 என்று (12 வெற்றி, 5 தோல்வி) கௌரவமாகவே முடிந்தது. ஜனவரியில் நடக்கும் பிளேஆஃப் என்ற நாக்அவுட் சுற்றின் முதல் ஆட்டத்தில், அதுவும் சொந்த மைதானத்தில், கிரீன் பே 48-32 என்று வீட்டுக்கு அனுப்பியது. ஆக, டாலஸ் நல்ல அணி என்றவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. ஜனவரியில் தெரியவேண்டியதை செப்டம்பரில் சொன்னார்கள், அவ்வளவுதான்.

அதே மாதம் மயாமி 70-20 என்று டென்வரைத் துவைத்தெடுத்தது. மறுவாரம் பஃபலோ மயாமியை 48-20 என்று துவைத்தது. இதையெல்லாம் ‘மிகை’ என்ற சொல் தொடவே இல்லை.

பேச்சுவழக்கில் இதற்கு ‘முந்திரிக்கொட்டைத்தனம்’ என்று அருமையான சொல் ஏற்கெனவே இருக்கிறது. பழத்துக்கு முன்னால் கொட்டை வந்து நிற்கிற மாதிரி, சீசனுக்கு முன்னால் தீர்ப்பு. கட்டுரையில் எழுத அது கொஞ்சம் வசவாக ஒலிக்கும். அதனால் ‘முந்து’வை மட்டும் எடுத்துக்கொண்டு ‘முந்துதீர்ப்பு’ என்று வைக்கலாம் என்பது என் யோசனை.

———

ஐயா, வணக்கம்.

> முந்துதீர்ப்பு

‘மிகைவினை’யை நீக்குவதில் எனக்கும் சம்மதம். ஆனால் ‘அவசரத் தீர்ப்பு’ என்றால் பள்ளிப் பிள்ளைக்குக்கூடப் புரியுமே, எதற்குப் புதிதாக ஒன்று? இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து திங்கட்கிழமை காலையில் எல்லோரும் குவாட்டர்பேக் ஆகிவிடுவதை அமெரிக்காவில் கேலி செய்வார்கள். அதையும் இதையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டால் பட்டியலில் ஒரு வரி மிச்சம்.

———

அம்மா, அந்த இரண்டையும் சேர்க்க முடியாது. திங்கட்கிழமைக் குவாட்டர்பேக் பின்னோக்கிப் பேசுகிறவர். 2015 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌலில் சியாட்டில் டச்டவுன் கோட்டுக்கு ஒரே ஒரு கெஜ தூரத்தில் நின்றுகொண்டு, பந்தோடு ஓடுவதில் வல்லவரான மார்ஷான் லிஞ்ச் கையில் பந்தைக் கொடுக்காமல் எறிந்து, நியூ இங்கிலாந்தின் மால்கம் பட்லரிடம் பறிகொடுத்தது. ‘லிஞ்சிடம் கொடுத்திருக்கலாமே’ என்று இன்றைக்கும் சொல்கிறோம் (நானும்தான் சொல்கிறேன், சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்). அது நடந்து முடிந்ததைப் பற்றிய பேச்சு, அதற்குப் ‘பின்புத்தி’ என்பதே போதும். முந்துதீர்ப்பு இனி நடக்கப்போவதைப் பற்றியது.

அந்தக் கோப்பையை வாங்கிய நியூ இங்கிலாந்து, அதே சீசனின் நான்காம் வாரம் கான்சஸ் சிட்டியிடம் 41-14 என்று உதைபட்டிருந்தது. அதன் குவாட்டர்பேக் டாம் பிரேடிக்கு அப்போது 37 வயது. அவர் கதை முடிந்தது என்று எழுதாத ஆளில்லை. கோச் பில் பெலிச்சிக்கிடம் நிருபர்கள் எதைக் கேட்டாலும், அடுத்த ஆட்டம் சின்சினாட்டியோடு என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். சின்சினாட்டியை 43-17 என்று ஜெயித்தார்கள். பிரேடி அதற்குப் பிறகும் 2022 சீசன்வரை ஆடினார்.

‘அவசரத் தீர்ப்பு’க்கு வருகிறேன். ‘அவசரம்’ என்றாலே தப்பு என்ற குற்றச்சாட்டும் கூடவே வந்துவிடுகிறது. முன்கூட்டிச் சொன்ன எல்லாமே பொய்த்துவிடுவதில்லை. 2023இல் குவாட்டர்பேக் ஏரன் ராட்ஜர்ஸ் நியூயார்க் ஜெட்ஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்தில், நான்காவது முறை பந்தை ஆடியபோதே குதிகால் தசைநாண் அறுந்து வெளியேறினார். ‘ஜெட்ஸ் சீசன் முடிந்தது’ என்று அந்த நிமிடமே பேச ஆரம்பித்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த ஆட்டத்தை ஜெட்ஸ் கூடுதல் நேரத்தில் 22-16 என்று ஜெயித்தது! ஆனால் சீசன் 7-10. முதல் கால்பகுதி முடிவதற்குள் சொன்ன தீர்ப்பு அப்படியே பலித்தது. இதை அவசரத் தீர்ப்பு என்று எப்படி எழுதுவது? கலைச்சொல் என்பது நடந்ததைச் சொல்லட்டும், திட்டுவதை எழுதுகிறவர் பார்த்துக்கொள்வார்.

———

அனைவருக்கும் வணக்கம்.

புள்ளியியல் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். என்.எஃப்.எல். ரசிகர்களை மட்டும் முந்திரிக்கொட்டை என்று சொல்வது நியாயமில்லை. பேஸ்பாலில் ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள், இங்கே 17தான். ஓர் ஆட்டத்தில் தோற்பது பேஸ்பாலில் ஒன்பதரை ஆட்டம் தோற்பதற்குச் சமம். முதல் இரண்டு வாரமும் தோற்றால் வயிறு கலங்கத்தான் செய்யும். அதற்காக அந்த இரண்டு ஆட்டம் பெரிய கூறு (சாம்பிள்) ஆகிவிடாது. 2007இல் ஜயன்ட்ஸ் முதல் இரண்டு ஆட்டத்தில் 80 புள்ளிகளை வாரிக்கொடுத்துவிட்டு, கடைசியில் அதுவரை தோல்வியே காணாத நியூ இங்கிலாந்தை 17-14 என்று சாய்த்துக் கோப்பையை வாங்கியது. 1993 டாலஸும் 2001 நியூ இங்கிலாந்தும்கூட 0-2 என்று தொடங்கித்தான் ஜெயித்தன. எதிர்ப்பக்கம் பார்த்தால், 2012இல் அரிசோனா 4-0 என்று கிளம்பி 5-11 என்று படுத்தது.

ஆகவே இரண்டு சொல் வேண்டும். ஆட்டம் போதாமைக்குச் ‘சிறுகூறு’. அதை வைத்துக்கொண்டு பேசும் பேச்சுக்கு ‘முந்துதீர்ப்பு’. எழுதும்போது நடுவில் ஒற்று உண்டா, ‘முந்துத்தீர்ப்பு’ என்று வருமா?

———

வராது ஐயா. சுடுகாடு, ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை. முந்திய தீர்ப்பு, முந்துகிற தீர்ப்பு, முந்தும் தீர்ப்பு மூன்றும் அதற்குள் அடக்கம், வல்லினம் மிகாது. தட்டச்சுத் திருத்தி சிவப்புக் கோடு போட்டால் கண்டுகொள்ளாதீர்கள்.

‘சிறுகூறு’ பொருத்தமாக இருக்கிறது. இலங்கை நண்பர்கள் புள்ளியியலில் ‘மாதிரி’ என்றுதான் படித்திருப்பார்கள், அதனால் அடைப்புக்குறிக்குள் ‘சிறுமாதிரி’யையும் போட்டுவிடலாம்.

வினையாக ‘முந்தித் தீர்ப்பிடு’ என்பதை முன்வைக்கிறேன். ‘தீர்ப்பிடு’ கிறித்தவத் தமிழில் நன்றாகப் புழங்குகிற சொல்தான். ஆளைக் குறிக்க ‘முந்துதீர்ப்பர்’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். படிக்கும்போது ஏதோ நீதிமன்றப் பதவி மாதிரி இருக்கிறது. அதற்கு மட்டும் முந்திரிக்கொட்டையையே வைத்துக்கொள்ளலாம் என்பேன். மறுப்பிருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்குவதற்குள் எழுதிவிடுங்கள், அப்புறம் நான் மடல் பார்க்கமாட்டேன்.