சுடர் இல்லாமல் ‘தெரியாத மை’ சோதனை: பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு எது ஏற்றது?

கேள்வி: பாலர் பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

வணக்கம். தோட்டத்துப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் ஒரு பாலர் பள்ளியில் கற்பிக்கிறேன். எழுதியது கண்ணுக்குத் தெரியாமல் இருந்து பிறகு வெளிப்படும் சோதனையை வகுப்பில் செய்ய எண்ணியிருக்கிறேன். எலுமிச்சைச் சாற்றில் எழுதி மெழுகுவர்த்திச் சுடரில் காட்டும் முறை எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனால் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்கும் அறையில் சுடரை ஏற்ற எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் செய்ய அவர்கள் வேடிக்கை பார்ப்பதாக இல்லாமல், ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் எழுதித் தன் கையாலேயே அதை வெளிக்கொணர வேண்டும். வீட்டிலும் தோட்டத்திலும் கிடைக்கும் பொருள்களை வைத்தே இதைச் செய்ய முடியுமா? காரணத்தை அவர்களுக்கு எந்த அளவுக்குச் சொல்லலாம்?

பதில்: ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர், கோலகங்சார்

அம்மா, சுடரை ஒதுக்கியது சரியான முடிவு. எலுமிச்சைச் சாறு தோய்ந்த இடம் மற்ற இடத்தைவிட முன்னதாகவே சூட்டில் பழுப்பேறுவதால்தான் எழுத்து தெரிகிறது. சுடருக்கு மேலே பிடித்தால், எழுத்து தெரிவதற்கும் தாள் பற்றிக்கொள்வதற்கும் அதிக நேரம் இருக்காது.

உங்கள் வகுப்புக்கு மஞ்சளும் ஆப்பச் சோடாவும் போதும். ஆலாத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பு பட்டதும் செக்கச்செவேலென்று மாறுவதைக் கல்யாண வீட்டில் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள் சுண்ணாம்பு போன்ற காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பெரும் கேடு என்பதால் அதைப் பிள்ளைகளிடம் தரக் கூடாது. ஆப்பச் சோடா மென்மையான காரம். ஆலாத்தியின் அடர்ந்த சிவப்பை அதில் எதிர்பார்க்க வேண்டாம், செம்பழுப்பாகத்தான் வரும்.

சோடாவையும் நீரையும் சம அளவில் கலக்கிப் பஞ்சுக் குச்சியால் எழுதச் சொல்லுங்கள். தாள் நன்றாகக் காய்ந்த பிறகு மஞ்சளைப் பூச வேண்டும். மஞ்சளின் நிறம் நீரில் அவ்வளவாகக் கரையாது. மருந்துக்கடை ஸ்பிரிட்டில் நன்றாகக் கரைந்து எழுத்தைத் தெளிவாகக் காட்டும், ஆனால் ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றக்கூடியது. ஆகவே நிறம் சற்று வெளிறினாலும் பரவாயில்லை, வெந்நீரில் கலக்கி ஆறவைத்ததையே கொடுங்கள். தூரிகையை ஒரே முறை இழுக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் சோடா கரைந்து எழுத்து பரவிவிடும்.

பதில்: ஒரு தாய், தெலுக் இந்தான் அருகே, செம்பனைத் தோட்டம்

ஆசிரியர் ஐயா சொன்னதோடு சங்குப்பூவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் லயத்து வேலியெல்லாம் அது படர்ந்து கிடக்கிறது. மலாய்க்காரர்கள் நாசி கெராபு என்னும் சோற்றுக்கு நீல நிறம் ஏற்றுவதும் இந்தப் பூவால்தான். ஒரு கைப்பிடிப் பூவை வெந்நீரில் ஊறவைத்தால் கருநீலச் சாயம் இறங்கும். லிமாவ் நிப்பிஸ் என்னும் சிறு எலுமிச்சையின் சாற்றில் எழுதிக் காயவைத்து, அதன் மேல் இந்த நீலத்தைப் பூச வேண்டும். தாள் முழுவதும் நீலமாகிக்கொண்டிருக்கையில், எழுத்து இருந்த இடம் மட்டும் முதலில் ஊதாவாகக் கசிந்து, பிறகு இளஞ்சிவப்பாக எழும். என் மகள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம் காய்ந்தாலும் தாளிலேயே தங்கிவிடுகிறது. வினிகரில் உள்ள அமிலம் ஆவியாகிவிடும் என்பதால் அது இதற்கு உதவாது. சோடாவால் எழுதிய எழுத்து இதே நீலத்தில் பச்சை கலந்து தெரியும். ஆகவே பெயரை எலுமிச்சையிலும் அடிக்கோட்டைச் சோடாவிலும் போடச் சொல்லலாம், இரண்டும் ஒன்றையொன்று தொடாதவரை.

சாதாரணத் தாள் ஈரத்தில் நெளிந்து, பூசும் முன்பே எழுத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். தடித்த ஓவியத் தாள் வாங்குங்கள். பிற்பகல் மழைக்கு முன், காலையிலேயே எழுதவைத்தால் சீக்கிரம் காயும்.

கேள்வியாளர்

இருவருக்கும் மிக்க நன்றி. எலுமிச்சையைச் சூட்டில் காட்டும் முறையையும் பெரியவர்கள் செய்து காட்டலாமா? அதோடு சொல்வதற்கு ஏற்ற கதை ஏதும் உண்டா?

பதில்: ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்

தாராளமாகச் செய்யலாம். நீராவியை நிறுத்திய இஸ்திரிப் பெட்டியால், தாளின் மேல் மெல்லிய துணி விரித்து, நீங்களே அழுத்துங்கள்; பிள்ளைகள் எட்டி நிற்கட்டும். பழைய குண்டு பல்பின் சூடும் போதும், ஆனால் இப்போதைய எல்.இ.டி. விளக்கு அந்த அளவுக்குச் சுடாது.

கதைக்கு, 1597-இல் லண்டன் கோபுரச் சிறையிலிருந்து தப்பிய ஜான் ஜெரார்டு என்னும் பாதிரியாரைச் சொல்லுங்கள். அவர் நண்பர்களுக்கு ஆரஞ்சுச் சாற்றில் மறைவாக எழுதி அனுப்பினார். எலுமிச்சையில் எழுதியது நீரில் நனைத்தாலும் தெரியும், காய்ந்தால் மறைந்துவிடும். ஆரஞ்சில் எழுதியது சூட்டில் மட்டுமே தெரியும், தெரிந்தபின் மறையாது. ஆகவே இடையில் யாரேனும் படித்திருந்தால் பெறுபவருக்குப் புரிந்துவிடும் என்று அவரே விளக்கியிருக்கிறார்.

காரணத்தைச் சொல்கையில் அமிலம், காரம் என்ற பெயர்கள் இந்த வயதில் வேண்டியதில்லை. “புளிப்பு பட்டால் சங்குப்பூ நிறம் மாறும், சோடா பட்டால் மஞ்சள் நிறம் மாறும்” என்பதே போதும். அடுத்து எதைத் தொட்டுப் பார்க்கலாம் என்று அவர்களே கேட்பார்கள். புளிக்கரைசல், சோப்பு நீர் இரண்டையும் தயாராக வைத்திருங்கள்.

பெற்றோரிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: சீருடையில் பட்ட மஞ்சள் கறை, சோப்புப் போட்டதும் சிவக்கும். பதற வேண்டாம், நன்றாக அலசி நேர்வெயிலில் காயப்போட்டால் வெளிறிவிடும்.