வாகனத்தை விட்டு இறங்காமல் சாப்பிட்டது: உங்களிடமும் ஒன்று இருக்கும், எழுதுங்கோ

நெடுங்கேணியான்:

வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் ட்ரைவ்-இன் கடை என்று படம் படமாகப் போடுகிறார்கள். கார் கண்ணாடியில் தட்டு, தட்டில் சாப்பாடு. பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பேணி ஞாபகம் வந்து உறுத்துகிறது. அதனால்தான் இதைத் தொடங்குகிறேன்.

2011 கார்த்திகை. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு வானில் போனேன். ஏ9 வீதி அப்போது எப்படிக் கிடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கனகராயன்குளம் தாண்டியதும் மழை அள்ளி ஊற்றியது. ஒரு தகரக் கொட்டிலில் அரிக்கன் லாம்பு வெளிச்சம். ஓரங்கட்டிவிட்டு ஹோர்ன் அடித்தேன். (இதை எழுதவே இப்போது வெட்கமாக இருக்கிறது.)

ஓர் ஆச்சி உரப்பையை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தா. "இறங்காதேங்கோ தம்பி, நனைஞ்சு போவியள். நான் கொண்டு வாறன்." குரக்கன் பிட்டு, செத்தல் மிளகாய்ச் சம்பல், ஒரு துண்டு விரால் பொரியல். கண்ணாடியை அரைவாசி இறக்கித்தான் தட்டை வாங்கினேன். இரண்டு மூன்று மழைத்துளி சம்பலுக்குள் விழுந்தது. அதோடு சேர்த்துத்தான் சாப்பிட்டேன். அந்த ருசி பிறகு எங்கேயும் வாய்க்கவில்லை, என் மனிசியின் பிட்டிலும்கூட.

பிறகு தேத்தண்ணி. "கிளாசெல்லாம் கழுவக் கிடக்கு, இது எங்கட வீட்டுப் பேணி" என்று பித்தளை மூக்குப்பேணியில் பிளேன்ரீயும் கையில் ஒரு துண்டு பனங்கட்டியும் தந்தா. அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஒரு லொறி வந்து ஹோர்ன் அடித்தது. காசைக் கொடுத்துவிட்டு அவசரமாக எடுத்தேன். மாங்குளத்தில் பார்த்தால் பேணி டாஷ்போர்டில் இருக்கிறது. திரும்பிப் போகவில்லை. மழை, நேரம், சாக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது.

சித்திரையில் போனேன். வீதி அகலிப்புக்கு அந்தப் பக்கம் முழுக்க வெட்டியிருந்தார்கள். கொட்டில் இல்லை. பேணி என் வீட்டு அலுமாரியில்.

விசுவமடு டு ஸ்காபரோ:

கதை நல்லது, ஆனால் ஒரு திருத்தம். மழைக்கு ஒதுங்கின கடையை ட்ரைவ்-இன் என்று சொல்ல முடியாது. ட்ரைவ்-இன் என்றால் தொடங்கும்போதே காருக்கென்று கட்டின கடை. 1921இல் அமெரிக்காவில் டலஸ் நகரத்தில் பிக் ஸ்டாண்ட் என்று ஒன்று திறந்தார்கள், முதலாவது அதுதான் என்பார்கள். காரை நிறுத்த வேண்டும், ஆள் வந்து கேட்டுக்கொண்டு போகும், கொளுக்கி வைத்த தட்டைக் கொண்டுவந்து கண்ணாடியில் மாட்டிவிடும். சில இடங்களில் சக்கரச் சப்பாத்தில் உருண்டு வருவார்கள். இங்கே கனடாவில் ஏ அண்ட் டபிள்யூ 1956இல் வினிபெக்கில் தொடங்கியதும் அப்படித்தான். பிறகு யன்னலில் வாங்கிக்கொண்டு ஓடுகிற ட்ரைவ்-த்ரூ வந்தது, இதெல்லாம் குறைந்துவிட்டது.

அப்பாவை இங்கே கூப்பிட்ட வருடம், கோடையில் மட்டும் திறக்கிற அப்படி ஒரு பழைய கடைக்கு ஒன்றரை மணித்தியாலம் ஓடிக் கூட்டிக்கொண்டு போனேன். காட்டிப் பெருமைப்படத்தான். பிள்ளை தட்டை மாட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு போனது. அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "கை கழுவ எங்க போறது?" என்றார். கடதாசி துவாலையை நீட்டினேன். "கழுவாம எப்பிடியடா?" தண்ணீர்ப் போத்தலோடு இறங்கிப்போய் டயருக்குப் பக்கத்தில் கை கழுவி, வாய் கொப்பளித்து, திரும்பி வந்து மூன்று உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிட்டார். ரூட் பியர் என்கிற சோடாவை ஒரு வாய் வைத்துவிட்டு, "சித்தாலேப தைலத்தைக் கரைச்சு வைச்சிருக்கிறாங்கள்" என்றார்.

பக்கத்துக் காரில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் அப்பா கை கழுவியதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணாடியை ஏற்றினேன். அப்பா அதைக் கவனித்தார். இப்போது அவர் இல்லை.

பழைய கொண்டக்டர்:

ட்ரைவ்-இன்னோ என்னவோ. வவுனியா - யாழ்ப்பாணம் தனியார் பஸ்ஸில் நாலு வருடம் ஓடினேன். முறிகண்டியில் நிற்காத வாகனம் உண்டா? சாரதி இறங்கிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் அடித்துவிட்டு வர மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்துக்குள் எல்லா யன்னலுக்கும் கச்சான் வந்துவிடும். மணல் போட்டு வறுத்த கச்சான், பையைப் பிடித்தால் சுடும்.

ஒரு நாள் பின்சீட்டு ஐயா ஒருவர் இரண்டு பை வாங்கினார். வேட்டித் தலைப்பில் முடிந்திருந்த காசை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் பார்க்கவில்லை. இல்லை, பார்த்தேன். பிந்திப்போய்விட்டோம் என்று பெல் அடித்தேன். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு நின்ற பிள்ளை பஸ்ஸோடு சேர்ந்து ஓடியது. ஐயா தாளை யன்னலால் எறிந்தார். காற்றில் அது நடு ரோட்டில் போய் விழுந்தது. பின்னால் வரிசையாக லொறிகள். பிள்ளை ஓரத்தில் நின்று அவை போகட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றது. வளைவு வந்து மறைத்துவிட்டது.

ஐயா கிளிநொச்சி வரைக்கும் என்னோடு கதைக்கவில்லை. கச்சானையும் உடைக்கவில்லை.

மண்டபம் முகாம் 90:

ஸ்காபரோக்காரருக்கு: ட்ரைவ்-இன் பார்க்க அமெரிக்கா வரைக்கும் ஏன் போகிறீர்கள்? மெட்ராஸில் கதீட்ரல் ரோட்டில் உட்லண்ட்ஸ் ட்ரைவ்-இன் 1962இலிருந்து இருந்தது. மரங்களுக்குக் கீழே காரை விட்டால் தட்டு கார்க்கதவுக்கு வரும், அதில் தோசை. 2008இல் மூடினார்கள், அந்த இடத்தில்தான் 2010இல் செம்மொழிப் பூங்கா திறந்தது. உங்கள் சட்டப்படி பார்த்தாலும் அது ட்ரைவ்-இன்தான்.

நான் போனது ஒரே ஒரு தடவை. லண்டனிலிருந்து வந்த பெரியப்பா மண்டபம் அகதி முகாமிலிருந்து என்னைக் கூப்பிட்டு, வாடகைக் காரில் கொண்டுபோனார். எனக்கு வயது பதினான்கு. என்ன வேண்டும் என்று சர்வர் குனிந்து கேட்டார். "தேத்தண்ணி" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டார். இன்னும் மெதுவாக "தேத்தண்ணி" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். ஒரு டம்ளர் சுடுதண்ணி வந்தது.

பெரியப்பா டிரைவரோடு கதைத்துக்கொண்டிருந்தார். "டீ" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாத சொல்லும் இல்லை. ஆனால் வாய் வரவில்லை. சுடுதண்ணியை ஊதி ஊதிக் குடித்து முடித்தேன். இப்போது வவுனியாவில் இருக்கிறேன், கடையில் யாராவது "டீ" என்று கேட்டால் காரணமில்லாமல் கோபம் வருகிறது.

பரந்தன் அக்கா:

எல்லாரும் கவலைக்கதையே எழுதுகிறீர்கள். வாகனத்தில் சாப்பிடுவதற்கு ஒரு முறை இருக்கிறது, ஒருவருக்கும் தெரியவில்லை.

பிட்டு கட்டினால் வாழையிலையை நெருப்பில் வாட்டிக் கட்டுங்கோ, வாட்டாத இலை மடிக்கும்போதே கிழியும். தேங்காய்ப்பூ போட்ட பிட்டு மத்தியானம் தாண்டினால் புளிக்கத் தொடங்கும், ஆகவே விடியக் கட்டினதை பதினொரு மணிக்குள் முடித்துவிட வேண்டும். சம்பலுக்கு வெங்காயம் சேர்க்காமல் இடித்துக் கொண்டுபோங்கோ, கொஞ்சம் கூட நேரம் நிற்கும். சொதி கொண்டே போகாதேங்கோ. போத்தலில் விட்டால் சிந்தாது என்று சொல்பவர்கள் மாங்குளம் - முல்லைத்தீவு ரோட்டில் அந்தக் காலத்தில் போகாதவர்கள்.

ஒடியல் கூழ் வாகனத்துக்குள் சரிவராது. அதை இறங்கி, நின்று, வியர்த்துக் குடிக்க வேண்டும். சில கடைகளில் கைப்பு அடிக்கும், அவர்கள் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்து ஊற்றுவதில்லை. ஒரு வாய் வைத்துப் பார்த்தாலே தெரியும், மிச்சத்தை வைத்துவிட்டு எழும்புங்கோ.

வைகாசி, ஆனியில் ரோட்டோரம் பாலப்பழம் விற்பார்கள். யன்னலால் வாங்கி அப்படியே வாயில் போட்டால் பால் ஒட்டி உதடு பிரியாது. முதலில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசுங்கோ. பழம் பொறுக்கக் காட்டுக்குள் நீங்களாக இறங்காதேங்கோ, கரடிக்கும் அதுதான் காலம்.

இப்போது அம்மாச்சி உணவகங்கள் இருக்கின்றன. பெண்கள் கண்ணுக்கு முன்னால் சுட்டுத் தருகிறார்கள். இறங்கித்தான் போக வேண்டும். இறங்கினால் என்ன, கால் விறைப்பாவது போகும்.

என் அனுபவம்: கலியாணவீட்டுக்குப் போகும்போது தயிர் முட்டியை இவருடைய மடியில் வைத்தேன், புளியங்குளத்தில் ஒரு பள்ளம். அவ்வளவுதான்.

குளக்கட்டு:

நெடுங்கேணியான், ஒன்று கேட்கிறேன், கோபிக்காதேங்கோ. 2011இல் வன்னியில் ஒரு ஆச்சியிடம் பித்தளை மூக்குப்பேணி இருந்தது என்கிறீர்கள். நாங்கள் 2009இல் எதையெல்லாம் விட்டுவிட்டு ஓடினோம் என்று உங்களுக்கும் தெரியும். ஒன்றில் அவ அதைக் கடைசி வரைக்கும் காவியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வளவுக்குள் தாட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து கிண்டி எடுத்திருக்க வேண்டும். எங்கள் அம்மா சமையல் கிடாரத்தை அப்படித்தான் தாட்டா. வந்து பார்த்தால் கிடங்குதான் இருந்தது.

பேணியின் அடியில் பெயர் வெட்டியிருக்கிறதா பார்த்தீர்களா? அந்தக் காலத்துப் பாத்திரங்களில் வெட்டியிருப்பார்கள்.

நெடுங்கேணியான்:

இவ்வளவு நாளும் கவிழ்த்துப் பார்க்கவில்லை. இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். கறுத்துப்போய்க் கிடக்கிறது, ஆனாலும் உளியால் புள்ளி புள்ளியாக ஏதோ வெட்டியிருக்கிறது. முதல் எழுத்து "சி" அல்லது "கி". அடுத்தது விளங்கவில்லை. கனகராயன்குளத்திலிருந்து மாங்குளம் பக்கமாக வீதியோரத்தில் கடை வைத்திருந்த ஆச்சி யாரையாவது தெரிந்தால் இங்கே சொல்லுங்கோ. வருகிற சனிக்கிழமை போகலாம் என்றிருக்கிறேன்.

பரந்தன் அக்கா:

பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேயுங்கோ, எழுத்துத் தெரியும். உப்புத்தாள் போடாதேங்கோ.