கார்ன் சிரப் மட்டும் விஷமா, சர்க்கரை என்ன அமிர்தமா?

நேர்கோடு:
நேற்று பசுந்தளிர் ஒரு பதிவு போட்டிருந்தார். "ஹை ஃப்ரக்டோஸ் கார்ன் சிரப் கலந்த பானத்தை நிறுத்துங்கள், அதையே சர்க்கரை போட்டதாகப் பார்த்து வாங்குங்கள், கல்லீரல் தப்பிக்கும்" என்று. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை, அதனால்தான் தனி இழை. கார்ன் சிரப் என்பது மக்காச்சோள மாவுச்சத்திலிருந்து எடுக்கும் இனிப்புப் பாகு. சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ், பாதி குளுக்கோஸ், இரண்டுமே எளிய சர்க்கரை வகைகள். குளிர்பானத்துக்குப் போகும் கார்ன் சிரப்பில் ஃப்ரக்டோஸ் சுமார் 55 சதவீதம். இந்த ஐந்தை வைத்துக்கொண்டு ஒன்றை விஷம் என்றும் மற்றதை மருந்து மாதிரியும் எழுதுவது என்ன நியாயம்?

பசுந்தளிர்:
என் பெயரைப் போட்டே இழை திறந்துவிட்டீர்கள், மகிழ்ச்சி. குளுக்கோஸை உடம்பில் எல்லா செல்லும் எரிக்கும். ஃப்ரக்டோஸில் பெரும்பங்கு கல்லீரல் தலையில்தான் விழுகிறது, அளவு மீறினால் அங்கேயே கொழுப்பாக மாறுகிறது. தினமும் குடிப்பவருக்கு அந்த ஐந்து சும்மாவா? 55 பெரிதா, 50 பெரிதா? அதை மட்டும் சொல்லுங்கள்.

நேர்கோடு:
கணக்கே போடுகிறேன். 330 மில்லி கோலாவில் சுமார் 35 கிராம் இனிப்பு. சர்க்கரை என்றால் ஃப்ரக்டோஸ் பதினேழரை கிராம், சிரப் என்றால் பத்தொன்பது சொச்சம். வித்தியாசம் 2 கிராம்கூட இல்லை. அந்த 2 கிராமைத் துரத்திக்கொண்டு மீதி 33 கிராமைக் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கச் சொல்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது, இப்படிச் சேர்க்கும் இனிப்பு ஒரு நாள் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே, முடிந்தால் 5 சதவீதத்துக்கும் கீழே. 2000 கலோரிக்கு அந்த 5 சதவீதம் என்பது 25 கிராம். ஒரே டின்னில் தாண்டியாகிவிட்டது, எந்த இனிப்பாக இருந்தாலும். அப்புறம், பிஸ்கட், பிரெட் போன்றவற்றில் போடும் சிரப்பில் பெரும்பாலும் ஃப்ரக்டோஸ் 42 சதவீதம்தான். உங்கள் கணக்குப்படி அது சர்க்கரையைவிட உத்தமம் என்று ஆகிறதே, எழுதுவீர்களா?

பசுந்தளிர்:
பானத்தைப் பற்றிக் கேட்டால் பிரெட்டுக்கு ஓடுகிறார். நான் கேட்டது 55. சர்க்கரையில் ஃப்ரக்டோஸும் குளுக்கோஸும் பிணைந்திருக்கும், சிரப்பில் தனித்தனியாக மிதக்கும், அதையும் மறைத்துவிட்டார். 2004இல் ப்ரே, பாப்கின் என்ற ஆராய்ச்சியாளர்கள் கார்ன் சிரப்பையும் உடல் பருமனையும் இணைத்து எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு வாருங்கள்.

தேனடை:
இரண்டு பேரும் எதற்கு அடித்துக்கொள்கிறீர்கள்? தேனுக்கு மாறிவிட்டால் பிரச்சினை முடிந்தது. இயற்கையானது.

நேர்கோடு:
தேனடை, தேனில் ஃப்ரக்டோஸ் ஏறக்குறைய 38 சதவீதம், குளுக்கோஸ் 31. இரண்டில் ஃப்ரக்டோஸ்தான் தூக்கல், கிட்டத்தட்ட அதே 55க்கு 45. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் தேனும் சர்க்கரையோடுதான் சேரும்.

பசுந்தளிர், பிணைப்பு விஷயத்துக்கு வருகிறேன். புளிப்பான பானத்தில் அந்தப் பிணைப்பு பாட்டிலுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக அறுந்துகொண்டிருக்கும். மிச்சத்தைச் சிறுகுடலில் சுக்ரேஸ் என்ற நொதி வெட்டிவிடும். கல்லீரலுக்கு வந்து சேரும்போது எது எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. 2004 கட்டுரை படித்தாயிற்று, அது சிரப் பயன்பாடு, உடல் பருமன் என்று சேர்ந்து ஏறிய இரண்டு கோடுகளை வைத்து எழுப்பிய சந்தேகம். அமெரிக்காவில் கார்ன் சிரப் பயன்பாடு 1999 வாக்கில் உச்சிக்குப் போய் இறங்கியது, உடல் பருமன் இறங்கவில்லை, ஏறிக்கொண்டே இருந்தது. அதற்கு என்ன பதில்?

தேனடை:
தேனையும் ஆலைச் சிரப்பையும் ஒரே தட்டில் வைத்துவிட்டாரே, பெரிய ஆராய்ச்சியாளர்! தேனில் எத்தனை சத்து இருக்கிறது தெரியுமா?

ஆந்தை:
தேன் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். நேர்கோடு சொல்வது வேதியியலாகச் சரியாக இருக்கலாம், வீட்டில் நடப்பது வேறு. கார்ன் சிரப் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்த பிறகுதான் நான் லேபிளையே படிக்கத் தொடங்கினேன். தக்காளி சாஸ் பாட்டிலைத் திருப்பினால், தக்காளிக்கு அடுத்த பெயர் அதுதான். ஒரு மேசைக்கரண்டிக்கு 4 கிராம் சர்க்கரை என்று பொடி எழுத்தில். சாலட் டிரெஸ்ஸிங், பழத் தயிர், எல்லாவற்றிலும் ஒளிந்திருக்கிறது. அதைத் தவிர்த்ததில் மொத்த இனிப்பும் தானாகக் குறைந்தது. இதில் என்ன தப்பு?

நேர்கோடு:
தப்பே இல்லை. ஆனால் குறைந்தது மொத்த இனிப்பு. அதைத்தான் முதலிலிருந்து கத்துகிறேன். நீங்கள் இன்னொரு சாஸ் வாங்கி அதில் சர்க்கரை என்று போட்டிருந்தால் அதே 4 கிராம்தானே?

ஆந்தை:
நான் சாஸே வாங்குவதில்லை. என் வாயில் வார்த்தையைத் திணிக்க வேண்டாம்.

பசுந்தளிர்:
பாருங்கள், நன்மை கண்டவர் வந்து சொன்னாலும் ஏற்க மாட்டார். கம்பெனிக்காரர்கள் சொல்லும் அதே வசனம், "இரண்டும் ஒன்றுதான்". யாருக்காகப் பேசுகிறாரோ. 55 பெரிதா 50 பெரிதா, இன்னும் பதில் இல்லை.

நேர்கோடு:
கம்பெனி ஆளா நான்? இரண்டையும் குறையுங்கள் என்று சொல்பவனுக்கு எந்தக் கம்பெனி காசு கொடுக்கும்? 55 பெரிதுதான், 2 கிராம் பெரிது, மூன்றாம் தடவை எழுதுகிறேன். உப்பு இழையிலும் இப்படித்தான், பதில் தீர்ந்ததும் ஆளைத் தாக்கினீர்கள்.

பசுந்தளிர்:
உப்பு இழையில் கிண்டலை ஆரம்பித்தது யார்? பழைய பதிவுகளை எடுத்துப் போடவா?

தேனடை:
போடுங்கள், நானும் அங்கே இருந்தேன். என்னையும் அன்றைக்கு இப்படித்தான் பேசினார்.

நேர்கோடு:
தாராளமாகப் போடுங்கள். கூடவே 1999க்குப் பிறகு என்ன நடந்தது என்பதற்கும் யாராவது பதில் போடுங்கள்.