புதுப்பிப்பு: தாய்லாந்தின் சியாங் மாயில் ஒருவழியாக மலிவுச் சாப்பாடு கிடைத்தது

மூன்று வாரம் முன்பு இங்கே புலம்பியிருந்தேன். முவே தாய் என்ற தாய்லாந்துச் சண்டைக்கலைப் பயிற்சிக்கு வந்த இடத்தில், பயிற்சிக்கூட உணவகத்தில் ஒரு தட்டு கோழியும் சோறும் 220 பாட். இப்படியே போனால் கட்டுப்படியாகாது என்று. பயிற்சியாளர்கள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று பார் என்றீர்கள். பார்த்தேன்.

சந்துமுனை 'காவ் கேங்' கடையில். நம் மெஸ் மாதிரிதான்: தட்டங்களில் குழம்பும் வதக்கலும் வரிசையாக இருக்கும், விரலைக் காட்டினால் சோற்றின் மேல் போட்டுத் தருவார்கள். இரண்டு வகைக்கு 50 பாட். பதினொரு மணிக்குள் போய்விட வேண்டும், அப்புறம் போனால் எண்ணெய் மிதக்கும் மிச்சம்தான். எனக்குப் பிடித்தது 'தோம் ஜூத்': காரமே இல்லாத தெளிந்த சூப், டோஃபு, கீரை, பன்றிக் கொத்துக்கறி. கடும் பயிற்சிக்குப் பிறகு அது இதமாக இறங்குகிறது.

மாலையில் சுட்ட கோழி, ஒட்டரிசி, பப்பாளிக்காயை உரலில் இடித்துச் செய்யும் 'சோம் தாம்' சாலட். ஆரோக்கியம் என்று நினைத்துத் தினம் தின்றேன். ஒருநாள் உரலையே பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் தெரிந்தது, கடைக்கார அம்மா ஒரு பெரிய கரண்டி பனைவெல்லம் போட்டு இடிக்கிறார். சர்க்கரை வேண்டாம் என்பதற்கு 'மை சாய் நாம்தான்' என்று சொல்ல வேண்டும். நாம்தான் என்றால் சர்க்கரை, தமிழருக்கு மறக்காது. சொன்னேன். சிரித்துவிட்டு அரைக் கரண்டி போட்டார்.

மீன் சாஸ் உப்புதான் இன்னும் பிரச்சினை. இரவெல்லாம் தாகம்.